காட்டுப்பீ முதல் சீம்பால் வரை: பிள்ளையின் வயிற்றுக்கு நல்ல கிருமிகள் எப்படி வருகின்றன?

பிறந்த பிள்ளை முதலில் போகிற மலத்தைக் காட்டுப்பீ என்பார்கள். கரும்பச்சையாகப் பிசுபிசுவென்று இருக்கும். துணி அலசிய ஆச்சிமார்களுக்குத் தெரியும், அதில் நாற்றமே இருக்காது. நாலைந்து நாள் கழித்துப் பிள்ளை மஞ்சளாகப் போக ஆரம்பிக்கும்போதுதான் லேசாக ஒரு புளித்த வாடை வரும். அந்த இடைவெளியில் பிள்ளையின் குடலுக்குள் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் குடியேறியிருக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு பெற்ற தாயிடமிருந்து வந்தவை. எந்த வழியாக வந்தன, வந்து என்ன செய்கின்றன, நாம் தெரியாமல் எங்கே குறுக்கே நிற்கிறோம் என்று பார்ப்போம்.

1880களில் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் தியோடர் எஷெரிக் என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். பச்சிளம் பிள்ளைகளின் மலத்தை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதையே வேலையாக வைத்திருந்தவர். பிறந்த உடனே எடுத்த மலத்தில் கிருமி எதுவும் இல்லை. ஒரு நாள் முடிவதற்குள் தென்பட ஆரம்பித்துவிட்டது. அப்படி அவர் கண்டுபிடித்த ஒரு பாக்டீரியாவுக்குப் பிற்காலத்தில் அவர் பெயரையே வைத்தார்கள். குடிதண்ணீர்ப் பரிசோதனைச் செய்திகளில் அடிபடும் ஈ.கோலையின் 'ஈ' இந்த எஷெரிக்தான்.

அப்படியானால் கருப்பைக்குள் பிள்ளைக்குக் கிருமியே கிடையாதா? நடுவில் இதில் ஒரு சர்ச்சை கிளம்பியது. நஞ்சுக்கொடியில் பாக்டீரியாவின் டி.என்.ஏ. இருப்பதாக 2014-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். பத்திரிகைகளும் பெரிதாகப் போட்டன. 2019-ல் பிரிட்டனில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாய்மாரின் நஞ்சுக்கொடியைச் சோதித்தவர்கள் வேறு கதை சொன்னார்கள். அகப்பட்டதில் ஏறக்குறைய எல்லாமே பிரசவ நேரத்தில் ஒட்டியவை, இல்லையென்றால் சோதனைச்சாலையின் ரசாயனங்களில் ஏற்கெனவே கிடந்தவை. இன்று பெரும்பாலான நிபுணர்களின் முடிவு எஷெரிக் சொன்ன பக்கம்தான் சாய்கிறது. ஆரோக்கியமான கர்ப்பத்தில் பிள்ளை கிருமியில்லாமல் வளர்கிறது. பனிக்குடம் உடைந்த நிமிஷத்திலிருந்துதான் மற்றதெல்லாம்.

முதலில் வேலி போடுகிறவன்

கிருமி என்றால் நமக்கு நோய்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் வளர்ந்த ஒரு மனித உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்று 2016-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். நம் சொந்த உயிரணுக்களே ஏறத்தாழ 30 லட்சம் கோடிதான். எல்லாப் பாக்டீரியாவையும் சேர்த்து எடை போட்டால் கால் கிலோகூட வராது. அவற்றில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. நம்மால் செரிக்க முடியாத நாரைச் செரித்துக் கொடுக்கின்றன. சில வைட்டமின்களைச் செய்கின்றன. எதை எதிர்க்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குப் பழக்கிக் கொடுக்கின்றன. பிள்ளை பிறந்ததும் தொடையில் வைட்டமின் கே ஊசி ஒன்று போடுகிறார்கள் அல்லவா? நஞ்சுக்கொடி வழியாக அந்த வைட்டமின் சரியாக வராததும், அதைச் செய்யும் பாக்டீரியாக்கள் குடலில் இன்னும் வராததும் அதற்குக் காரணங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை, இடத்தைப் பிடித்துக்கொள்வது. ஊருக்கு வெளியே ஆளில்லாத புறம்போக்கு கிடந்தால் என்ன ஆகும்? முதலில் வந்து வேலி போட்டுக் குடிசை கட்டியவன் அசைய மாட்டான். பிறகு வருகிறவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவனிடம் மல்லுக்கட்ட வேண்டும். பிறந்த பிள்ளையின் குடல் அப்படிப்பட்ட காலி நிலம். நல்லவர்கள் முதலில் வந்து உட்கார்ந்துவிட்டால் பேதி, ரத்தத்தில் நச்சு என்று கிளப்பிவிடும் முரட்டுக் கிருமிகளுக்கு இடமும் கிடைக்காது, சாப்பாடும் கிடைக்காது.

வருகிறவர்களுக்குள் ஒரு வரிசையும் உண்டு. பிறந்த புதிதில் குடலில் கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கும். ஈ.கோலை போல ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழைக்கக்கூடியவை முதலில் வந்து அதைத் தீர்த்துவிடும். அதன் பிறகுதான் ஆக்சிஜன் பட்டால் ஆகாத பிஃபிடோபாக்டீரியம், பாக்டீராய்டிஸ் போன்றவை நிம்மதியாகப் பெருக முடியும். பிள்ளைக்கு வேண்டிய முக்கியமான ஆட்கள் இந்த இரண்டாவது கூட்டம்.

இவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? கொஞ்சம் கூச்சப்படாமல் பேச வேண்டிய இடம் இது. சுகப்பிரசவத்தில் பிள்ளை பிறப்புவழியாக வரும்போது அங்குள்ள லாக்டோபேசில்லஸ் போன்றவை அதன் மேல் ஒட்டுகின்றன. நெடுநாள் அதுதான் முக்கிய வழி என்று நினைத்திருந்தார்கள். அண்மை ஆய்வுகளில் தெரிவது வேறு. பிறப்புவழிப் பாக்டீரியாக்கள் சில நாள் தங்கிவிட்டுப் போய்விடுகின்றன. பிள்ளையின் குடலில் நிலையாகத் தங்குபவை பெரும்பாலும் தாயின் குடலிலிருந்து வந்தவை. தாய் முக்கும்போது கொஞ்சம் மலமும் வெளிவருவது சகஜம். பிரசவ வார்டில் வேலை பார்க்கிற எந்த நர்ஸும் அதைப் பார்த்து முகம் சுளிப்பதில்லை. பிள்ளையின் தலை தாயின் முதுகுப்பக்கம் முகம் திரும்பியபடி வெளியே வருவதே பெரும்பாலான பிரசவங்களில் நடப்பது. அப்படி வரும்போது வாய்க்கு ஒரு துளி கிடைத்துவிடுகிறது.

அருவருப்பாக இருக்கிறதா? தமிழ்நாடு-கேரள எல்லையில் புளியரை தாண்டி ஆரியங்காவு, அச்சன்கோவில் காடுகளில் யானைக்கூட்டத்தைப் பார்த்திருக்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. யானைக்குட்டி தாயின் லத்தியைத் தின்னும். புல்லையும் மரப்பட்டையையும் செரிக்கத் தேவையான பாக்டீரியாக்கள் குட்டிக்கு அப்படித்தான் கிடைக்கின்றன. ஆஸ்திரேலியாவின் கோவாலா தன் குட்டிக்கென்றே குழைவாக ஒரு மலம் போட்டுக் கொடுக்கும். யூகலிப்டஸ் இலையின் நஞ்சைத் தாங்குகிற பாக்டீரியாக்கள் அதில் இருக்கும். நமக்கு அந்த அளவுக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆபரேஷன் பண்ணி எடுத்த பிள்ளை

இவ்வளவு சொன்ன பிறகு சிசேரியன் ஆன தாய்மார் மனசு கலங்குவார்கள் என்று தெரியும். அவர்கள் எண்ணிக்கையும் சின்னதில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுவதும் நூற்றுக்கு 21.5 பிரசவம் ஆபரேஷன். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 44.9, அந்தப் பக்கம் கேரளத்தில் 38.9. செங்கோட்டையில் பிறந்து புனலூரில் வாழ்க்கைப்பட்டவள் தலைப்பிரசவத்துக்கு எந்தப் பக்கம் படுத்தாலும் ஆபரேஷன் வாய்ப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வித்தியாசம் இருப்பது உண்மை. 2010-ல் வெனிசுலாவில் நடந்த ஒரு சிறிய ஆய்வில் சுகப்பிரசவப் பிள்ளைகளின் மேல் தாயின் பிறப்புவழிப் பாக்டீரியாக்களும், சிசேரியன் பிள்ளைகளின் மேல் தோலில் வாழும் பாக்டீரியாக்களும் இருந்தன. 2019-ல் பிரிட்டனில் 596 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, சிசேரியன் பிள்ளைகள் பலரின் குடலில் பாக்டீராய்டிஸ் இல்லவே இல்லை. ஆஸ்பத்திரிகளில் சுற்றுகிற கிளெப்சியெல்லா போன்றவை அந்த இடத்தில் கூடுதலாக இருந்தன. ஆபரேஷனுக்குமுன் தாய்க்குப் போடும் ஆன்ட்டிபயாடிக்கும் இதில் ஒரு கை கொடுக்கிறது. அதற்காக அந்த ஊசி வேண்டாம் என்று யாரும் அடம்பிடிக்கக் கூடாது. தையல் போட்ட வயிற்றில் சீழ் பிடிக்காமல் காப்பது அதுதான்.

அந்த 2019 ஆய்விலேயே சொல்லியிருக்கிற இன்னொரு விஷயம் செய்திகளில் அவ்வளவாக வரவில்லை. பிள்ளைக்கு ஒன்பது மாதம் ஆவதற்குள் இரண்டு கூட்டத்துக்கும் இடையிலான வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. நெதர்லாந்தில் 120 தாய்-சேய் ஜோடிகளை ஆராய்ந்து 2023-ல் எழுதியவர்கள் இன்னும் ஆறுதலான ஒன்றைக் கண்டார்கள். பிள்ளையின் பாக்டீரியாக்களில் ஏறத்தாழ 60 சதவீதத்துக்குத் தாயின் உடம்பில் ஏதோ ஓரிடத்தில் மூலம் இருந்தது. சிசேரியன் பிள்ளைக்குத் தாயின் குடலிலிருந்து வருவது குறைந்தால், தாய்ப்பாலிலிருந்து வருவது கூடுகிறது. ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி. ஆபரேஷன் ஆன தாய் மயக்கம் தெளிந்ததும் செய்ய வேண்டிய காரியம் குற்ற உணர்வில் அழுவதல்ல, பிள்ளையை மார்பில் வாங்கிக்கொள்வது. முதுகில் ஊசி போட்டு உணர்வோடு இருக்கிறவள் என்றால் மேஜையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிற ஒரு யோசனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தாயின் பிறப்புவழியில் துணியை வைத்து எடுத்துச் சிசேரியன் பிள்ளையின் வாயிலும் முகத்திலும் தடவுவது. 2016-ல் நாலே நாலு பிள்ளைகளிடம் செய்து பார்த்த முயற்சி அது. தாயிடம் நோய்க்கிருமி ஏதாவது இருந்தால் அதுவும் சேர்ந்தே போகும் என்பதால், ஆராய்ச்சிக்கு வெளியே இதைச் செய்யாதீர்கள் என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2017-லேயே சொல்லிவிட்டது. 2020-ல் ஃபின்லாந்தில் தாயின் மலத்திலிருந்து மிகச் சிறிய அளவை எடுத்துத் தாய்ப்பாலில் கலந்து ஏழு சிசேரியன் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளின் குடல் சுகப்பிரசவப் பிள்ளைகளுடையதைப் போலவே ஆனது. ஆனால் அதற்குமுன் பதினேழு தாய்மாரைச் சல்லடை போட்டுச் சோதித்து ஏழு பேரை மட்டுமே எடுத்தார்கள். வீட்டில் செய்கிற வேலை இல்லை இது.

பாலில் பிள்ளைக்கல்லாத சாப்பாடு

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தாய்ப்பாலில் கெட்டியான பொருள் என்று பார்த்தால் முதலிடம் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரைக்கு, அடுத்தது கொழுப்புக்கு. மூன்றாவது இடத்தில் ஒலிகோசாக்கரைடு என்ற ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. இருநூறுக்குப் பக்கமான வகைகள். ஒரு லிட்டர் சீம்பாலில் 20 கிராமுக்கு மேல்கூட இருக்கும். பால் முதிர்ந்த பிறகு 5 முதல் 15 கிராம். கிட்டத்தட்ட புரதம் இருக்கிற அளவு. பசும்பாலில் இது பெயருக்குத்தான் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், பிள்ளையால் இதைச் செரிக்கவே முடியாது. அதற்கான என்சைம் பிள்ளையின் குடலில் கிடையாது. வயிற்றைத் தாண்டி, சிறுகுடலைத் தாண்டி, அப்படியே முழுசாகப் பெருங்குடலுக்குப் போய்ச் சேருகிறது. பச்சை உடம்புக்காரி, ரத்தம் இழந்து கிடக்கிறவள், தன் உடம்பைக் கரைத்து இவ்வளவு சர்க்கரையைச் செய்து பிள்ளைக்கு உதவாமல் அனுப்புவாளா? அனுப்புகிறாள். அது பிள்ளைக்கல்ல, பிள்ளையின் குடலில் இருக்கிற பாக்டீரியாவுக்கு.

இந்த முடிச்சை அவிழ்க்க நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 1899-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஆன்ரி டிஸியே என்பவர் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் மலத்தில் இரண்டாகக் கிளைத்த கோல் போன்ற ஒரு பாக்டீரியாவைக் கண்டார். இன்றைய பிஃபிடோபாக்டீரியம் அதுதான். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளிடம் அது மலிந்து கிடந்தது. தாய்ப்பாலில் அதை வளர்க்கும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. 1950களில் பால் கியோர்கி என்ற குழந்தை மருத்துவரும் ரிச்சர்டு கூன் என்ற வேதியியலாளரும் அந்த 'ஏதோ ஒன்று' இந்தச் சர்க்கரைச் சங்கிலிகள்தான் என்று காட்டினார்கள். 2008-ல் பிஃபிடோபாக்டீரியத்தின் இன்ஃபாண்டிஸ் என்ற வகையின் முழு மரபணுவையும் படித்தபோது மீதியும் விளங்கியது. இந்தச் சர்க்கரையைப் பிடிக்கவும் உள்ளே இழுக்கவும் உடைக்கவும் தேவையான கருவிகள் அத்தனையும் அதனிடம் கொத்தாக இருக்கின்றன. அதிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. வெளியே வைத்து உடைத்தால் சிதறுவதை மற்றவர்கள் பொறுக்கிக்கொள்வார்கள் அல்லவா? இது முழுச் சங்கிலியையும் உள்ளே இழுத்துக்கொண்டு அப்புறம்தான் உடைக்கும். பக்கத்தில் இருக்கிற எவனுக்கும் ஒரு துணுக்கு கிடைக்காது.

சாப்பிட்டு முடித்ததும் அது வெளியே விடுவது அசிடிக் அமிலமும் லாக்டிக் அமிலமும். நாலைந்து நாளில் மலத்தில் வருகிற அந்தப் புளிப்பு வாடை இதுதான். குடல் புளிக்கப் புளிக்க நோய்க்கிருமிகள் பலவற்றுக்கு அங்கே வாழ முடிவதில்லை. இன்னொரு பயனும் இருக்கிறது. பேதிக் கிருமிகள் சில, குடல் சுவரில் இருக்கும் சர்க்கரைக் கொக்கிகளைப் பிடித்துத்தான் உள்ளே நுழையும். பாலில் வருகிற சங்கிலிகளும் பார்வைக்கு அதே கொக்கிகள் மாதிரி இருப்பதால் கிருமி ஏமாந்து அதைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடும்.

பாக்டீரியாவுக்குச் சாப்பாடு மட்டுமல்ல, பாக்டீரியாவும் பாலிலேயே வருகிறது. தாய்ப்பால் கிருமியற்றது என்றுதான் பாடப்புத்தகங்கள் வெகுகாலம் சொல்லிவந்தன. 2003-ல் ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் ஆரோக்கியமான தாய்மாரின் பாலிலேயே லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் இருப்பதைக் காட்டினார்கள். 2017-ல் அமெரிக்காவில் 107 தாய்-சேய் ஜோடிகளை வைத்துக் கணக்குப் பார்த்ததில், பெரும்பாலும் தாய்ப்பாலே குடித்த பிள்ளைகளுக்கு முதல் மாதத்தில் குடல் பாக்டீரியாவில் சுமார் 28 சதவீதம் பாலிலிருந்தும், 10 சதவீதம் மார்க்காம்பைச் சுற்றியுள்ள தோலிலிருந்தும் வந்திருந்தன. பீய்ச்சிப் பாட்டிலில் கொடுப்பது தவறில்லை. வேலைக்குப் போகிற பெண்களுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் முடிகிறபோது பிள்ளை நேராக மாரில் குடித்தால் அந்தத் தோலில் இருப்பதும் சேர்ந்து கிடைக்கும். குடிக்க வைப்பதற்குமுன் மார்க்காம்பை சோப்புப் போட்டுத் தேய்க்கிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடலாம்.

கூடவே ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்புப் புரதமும் வருகிறது. தாயின் குடல் சந்தித்த கிருமிகளை அடையாளம் கண்டுகொண்ட வெள்ளணுக்கள் மார்புக்குப் பயணம் போய், அங்கே அந்தப் புரதத்தைப் பாலில் கலக்கின்றன. அந்த வீட்டுத் தண்ணீரும் அந்த வீட்டுச் சமையலும் சாப்பிடுகிறவள் தாய். அதனால் அந்த வீட்டில் சுற்றுகிற கிருமிகளுக்குத் தோதான காப்பு அவள் பாலில்தான் இருக்கும். எந்த டப்பாவிலும் இருக்காது.

அப்புறம் பத்தியம். பிள்ளை பெற்றவளுக்குக் கீரை ஆகாது, காய் ஆகாது, பழம் குளிர்ச்சி என்று வெறும் சோறும் பூண்டுக் குழம்புமாக நாற்பது நாள் ஓட்டுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. எனக்கு இது ஒப்பவில்லை. தாயின் குடல் பாக்டீரியாவுக்கு நார்ச்சத்துதான் சாப்பாடு. பூண்டு இருக்கட்டும், கூடவே காயும் கீரையும் இருக்கட்டும்.

மாட்டுச் சீம்பாலுக்கு அடிதடி, மனுஷிச் சீம்பாலுக்கு?

மாடு கன்று போட்டால் சீம்பாலுக்குத் தெருவே காத்திருக்கும். கருப்பட்டியோ வெல்லமோ தட்டிப் போட்டு ஏலக்காய் தூவி அவித்தால் பிள்ளைகள் அடித்துக்கொண்டு தின்னும். ஆனால் பெற்ற தாயின் மாரில் மஞ்சளாகக் கெட்டியாக ஊறும் சீம்பாலை, 'கெட்ட பால், பிள்ளைக்குச் செரிக்காது' என்று சுவரில் பீய்ச்சிவிட்ட ஆச்சிகள் உண்டு. அளவு கொஞ்சம்தான், ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டிகூட வராது. பிறந்த பிள்ளைக்கு முதல் நாளில் அவ்வளவே போதும். சர்க்கரைச் சங்கிலியும் எதிர்ப்புப் புரதமும் அதில்தான் மிகச் செறிவாக இருக்கின்றன. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதற்காகவும்தான். அதே 2019-21 கணக்கெடுப்பில் அப்படிக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் 41.8 சதவீதம். பாதிகூட இல்லை.

அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளையின் வாய்க்குள் வேறு என்னென்னவோ போகிறது. எங்கள் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சேனை வைப்பார்கள். குணமான பெரியவர் ஒருவர் சீனித் தண்ணியையோ தேனையோ விரலில் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைப்பார். யார் சேனை வைக்கிறார்களோ அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. வளர்ந்த பிறகு பிள்ளை அடம்பிடித்தால் "இவனுக்கு யாரு சேனை வச்சா?" என்று கேட்பதும் உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் மலையாள வீடுகளில் பொன்னும் வயம்பும்: தங்கத்தையும் வசம்பையும் கல்லில் உரைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவுவார்கள். இரண்டு பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம் என்றால் பிள்ளைக்கு இரண்டும் நடக்கும்.

முதல் துளியோடு ஏதோ ஒன்று ஆளிடமிருந்து ஆளுக்குப் போகிறது என்று நினைத்தார்களே, அந்த நினைப்பை நான் கேலி செய்ய மாட்டேன். போவது குணமல்ல, விரலிலும் உரைகல்லிலும் தண்ணீரிலும் இருக்கிற கிருமி. காலி நிலத்தில் முதல் வேலியை யார் போடுவது என்பதை அந்தத் துளி கொஞ்சம் மாற்றிவிடலாம். தேனில் இன்னும் ஒரு ஆபத்து இருக்கிறது. குளோஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் தேனில் இருக்கலாம். நமக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் நம் குடலில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் அதை முளைக்க விடமாட்டார்கள். பச்சிளம் பிள்ளையின் குடலில் தடுக்க ஆளில்லை. அது முளைத்து நஞ்சை உண்டாக்கினால் பிள்ளையின் தசைகள் துவண்டு மூச்சுகூட நின்றுவிடலாம். ஒரு வயது முடிகிறவரை தேன் கூடாது என்பது அதனால்தான்.

பிரசவம் பார்த்த வீட்டுக்கு வருகிற கிராம சுகாதார செவிலியருக்கும் ஆச்சிக்கும் இதில் நடக்கிற வழக்கு ஊருக்கு ஊர் ஒன்றுதான்.

"ஆச்சி, நாக்குல ஒண்ணும் தடவாதீங்க, பால மட்டும் குடுங்க."

"இவ அம்மைக்கும் நாந்தான்டி சேன வச்சேன். அவ என்ன கெட்டா போயிட்டா?"

சேனை வைத்த பிள்ளைகள் எல்லாம் சாகவில்லை என்பது சரி. அந்தக் காலத்தில் ஆச்சியோடு பிறந்தவர்களில் எத்தனை பேர் தங்கினார்கள் என்று அவரையே மெதுவாகக் கேட்டால், விரலை மடக்கி எண்ணிச் சொல்லுவார். சண்டை போடாமல் முடிக்க என்னிடம் ஒரு யோசனை உண்டு: முதல் துளி தாயின் சீம்பாலாகவே இருக்கட்டும், அதன் பிறகு ஆச்சி பிள்ளையின் நெற்றியில் விரல் வைத்து வாழ்த்தட்டும். வசம்பைக் கையில் வளையலாகக் கட்டிக்கொண்டாலும் சரி. அதைப் பிள்ளை வாயில் வைத்துச் சப்பாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

குளிப்பாட்டுவதற்கும் அவசரம் வேண்டாம். ஒரு நாளாவது தள்ளிப் போடச் சொல்கிறார்கள். பிள்ளை சூடு இழக்காது, தாயின் தோலோடு ஒட்டிக் கிடக்கிற நேரமும் கூடும். அந்த ஒட்டுதலிலும் பாக்டீரியா கைமாறுகிறது.

எவ்வளவு காலம் தங்கும்?

2023-ல் இத்தாலியின் டிரெண்டோ பல்கலைக்கழகத்தை மையமாக வைத்து 20 நாடுகளிலிருந்து 9,700-க்கு மேற்பட்ட மாதிரிகளை ஒப்பிட்ட ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. தாயிடமும் பிள்ளையிடமும் பொதுவாக இருக்கும் பாக்டீரியா இனங்களை எடுத்துக்கொண்டு, அவை அச்சு அசலாக ஒரே வம்சம்தானா என்று பார்த்தார்கள். முதல் வருஷத்தில் ஏறக்குறைய பாதி அப்படி இருந்தது. பிள்ளை வளர வளர அந்தப் பங்கு குறைகிறது, ஆனால் பெரியவர்களான பிறகும் தாயின் சாயல் முழுசாக அழியவில்லை. ஒரே வீட்டில் வசிப்பவர்களிடையே இந்தப் பங்கு 12 சதவீதம் அளவில் இருந்தது. அப்பா, அக்கா, தாத்தா, ஆச்சி எல்லாருமே கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆறு மாதம் தாண்டிச் சோறும் பருப்பும் ஊட்ட ஆரம்பித்ததும் குடலில் ஆள் மாறும். சர்க்கரைச் சங்கிலி தின்கிறவர்கள் ஒதுங்க, மாவையும் நாரையும் தின்கிறவர்கள் வருவார்கள். மூன்று வயதுவாக்கில் பிள்ளையின் குடல் பெரியவர்களுடையதை நெருங்கிவிடும்.

மருந்துக்கடையில் புரோபயாட்டிக் என்று நல்ல பாக்டீரியா கலந்த சொட்டு மருந்து விற்கிறதே, அதைக் கொடுத்தால் என்ன? பதில் கொஞ்சம் சிக்கலானது. ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பிறந்த பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. பாதிப் பேருக்கு ஏழு நாள் லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியாவையும் அதற்குச் சாப்பாடாக ஒரு சர்க்கரையையும் கொடுத்தார்கள். ரத்தத்தில் நச்சுப் பரவுவதோ இறப்போ நேர்ந்தது மற்றவர்களில் நூற்றுக்கு 9; கொடுக்கப்பட்டவர்களில் 5.4. பெரிய வித்தியாசம்தான். ஆனால் அது குறிப்பிட்ட ஒரு பாக்டீரியா, குறிப்பிட்ட அளவு, மாதம் நிறைந்து ஆரோக்கியமாகப் பிறந்து தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகள். கடையில் இருக்கிற குப்பி அதே சரக்கு இல்லை. குறைமாதப் பிள்ளை ஒன்று புரோபயாட்டிக் கொடுத்த பிறகு அதே பாக்டீரியா ரத்தத்தில் பரவி இறந்ததால், 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையே விட்டது. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் வாங்க வேண்டாம்.

பால் சுரக்காத தாய்க்கும், எடை குறைந்து இன்குபேட்டரில் கிடக்கிற பிள்ளைக்கும் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. ஆசியாவின் முதல் வங்கி 1989-ல் மும்பையின் சயான் மருத்துவமனையில் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இப்போது உண்டு. வேறு தாய் கொடுத்த பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கித்தான் கொடுப்பார்கள். நோய்க்கிருமி சாகும், நல்ல பாக்டீரியாவும் சாகும். சர்க்கரைச் சங்கிலிகள் மட்டும் அந்தச் சூட்டுக்கு அசையாது. அதனால் பெற்ற தாயின் பால் சில சொட்டே பீய்ச்ச முடிந்தாலும் அதைச் சூடாக்காமல் பஞ்சில் நனைத்துப் பிள்ளையின் கன்னத்து உட்புறம் தடவச் சொல்வார்கள் நர்ஸுகள். இன்குபேட்டர் வார்டில் பிள்ளை கிடந்தால், இதைச் செய்யலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.